கேட்டால் உட்கார வேண்டும்

எங்கள் மலையில் வழியே போகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூட்டை முடிச்சோடு ஒருவர் எதிரே வந்தால், "தூரமுங்களா?" என்பதோடு சரி. "ஆமாங்க, செத்த தூரந்தான்" என்று அவரும் நடையைக் கட்டிவிடுவார். விவரம் தெரியாத யாராவது வாய் தவறி "எங்க?" என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். வந்த வழியே திரும்பிப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்கு பஸ் வந்த புதிதில் கண்டக்டர்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கே என்று கேட்காமல் எப்படி டிக்கெட் கிழிப்பது? கடைசியில் எங்கள் ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்டக்டர் பக்கத்தில் வந்ததுமே, அவர் வாயைத் திறப்பதற்குள், "சேந்தமங்கலம் ரெண்டு!" என்று கத்திவிடுவார்கள். பஸ்ஸுக்குள் ஒரே கூச்சலாக இருக்கும்.

இந்த வழக்கத்தைக் கைவிடாத என் அம்மாவை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், ஏரோப்ளேனில் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே ஒரு பகல் பயணம்தான். அன்று பட்ட வெட்கத்தை இன்று நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா சிங்கப்பூரில் இருந்தாள். அவள் புருஷன், என் மாமா, எங்கள் மலையிலேயே தேவனூர் நாட்டுக்காரர், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். முதல் பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எடப்புளி நாட்டில் மலை உச்சியில் வீடு. அங்கே அப்போது ரோடு கிடையாது. வலி கண்டதும் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி இறக்கத்தில் எதிரே ஏறி வந்த மிளகு வியாபாரி ஒருவர், பாவம், நல்லெண்ணத்தில்தான், "எங்கங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். திரும்பிப் போய் உட்காரவா முடியும்? அம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு எங்களோடு ஓடி வந்தாள். குழந்தை பிறந்தபோதே உயிரில்லை. இரண்டாவது சிங்கப்பூரில் பிறந்தது, அதுவும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற மாட்டேன் என்று அக்கா அடம்பிடிக்க, கப்பலில் வந்தால் நேரத்துக்குச் சேர முடியாது என்று மாமா விமானத்துக்கே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்.

"இந்தத் தடவ ஒருத்தரும் கேக்காம போயிச் சேந்தரோணும் சாமி" என்றாள் அம்மா, வீட்டை விட்டு இறங்கும்போதே. வேறு எதைப் பற்றியும் அவள் கவலைப்படவில்லை. ஏரோப்ளேன் விழுந்துவிடுமோ என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அடிவாரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். எங்கள் நாட்டிலேயே முதன்முதலாகப் பேண்ட் போட்டவன் என்ற கர்வம் வேறு. இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் அம்மாவுக்காக, பஸ் தந்திரத்தையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். யார் கேட்பதற்கும் முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மெட்ராஸ் ரயிலடியில் டாக்ஸிக்காரரிடம் அப்படித்தான் செய்தேன். விமான நிலையத்துக் கவுண்ட்டரில் டை கட்டிய இளைஞர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் "சிங்கப்பூர் டூ!" என்று கத்தினேன். பக்கத்து வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது. அந்த இளைஞர் மிகப் பொறுமையாக, "டிக்கெட்டைக் கொடுங்கள், அதிலேயே இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் பின்னால் நின்ற ஒரு கோட்டுக்காரர் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தில் கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. அன்று முழுக்க எனக்கு ஆபத்து தமிழ் பேசுகிறவர்களால்தான், அதிலும் அன்பாகப் பேசுகிறவர்களால்தான்.

முதல் ஆபத்து சுங்கச் சோதனையில் வந்தது. அம்மாவின் துணி மூட்டையை மேஜையில் அவிழ்த்தார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பூண்டு, ஒரு புட்டித் தேன். பிரசவ மருந்துக்கான சரக்கு அத்தனையும் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டது. அந்த மண்டபமே நாட்டு மருந்துக் கடை போல மணத்தது. கோட்டுக்காரரின் மனைவி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு. சுங்க அதிகாரி வயசானவர், நல்ல மனுஷர். பூண்டைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மக பிரசவத்துக்காம்மா? நல்லது நல்லது. எங்கேம்மா போறீங்க?"

நான் "சிங்கப்பூர்" என்று கத்தியது அவர் கேள்வி முடிந்த பிறகுதான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேஜை மேலிருந்த எல்லாவற்றையும் அள்ளி மூட்டைக்குள் போட்டாள். வந்த வழியே திரும்பி, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வாசல்வரை போய், தூணோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த தூக்குப்போசியைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. அதிகாரி, "என்னப்பா ஆச்சு, நான் என்ன கேட்டுட்டேன்?" என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேண்ட் போட்ட வாத்தியார் சகுனத்தைப் பற்றிப் பேசுவதா? "தலை சுத்தலுங்க" என்றேன்.

அந்தப் பொய் எங்களை விட்டுத் தொலைந்ததா? இல்லை. தலை சுற்றுகிற ஆளை விமானத்தில் ஏற்ற முடியாதாம். உடனே சுகாதார டாக்டருக்கு ஆள் போனது. எங்களை ஓர் அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். டாக்டர் வந்தார். காலரா ஊசி போட்ட அட்டையைப் பார்த்தார், நாடி பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அம்மா எல்லாவற்றுக்கும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ எதையோ அறிவித்தார்கள். எங்கள் விமானத்தைத்தான் சொல்கிறார்களோ என்று நான் கதவுக்கும் நாற்காலிக்குமாக நடந்தேன். கடைசியில் டாக்டர், "ஒண்ணும் இல்லை, திடமாத்தான் இருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டார். எழுந்து அறை வாசலைத் தாண்டினோம். அப்போதுதான் அந்தப் புண்ணியவான், எங்கள் முதுகுக்குப் பின்னால், வாஞ்சையோடு கேட்டார்:

"எங்கே பாட்டி பயணம்?"

அம்மா திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து போசியைத் திறந்தாள்.

இனிமேல் மறைக்க வழியில்லை. டாக்டரிடமும், என்னவென்று பார்க்க வந்த சுங்க அதிகாரியிடமும், இரண்டு சிப்பந்திகளிடமும் விஷயத்தைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்காத அளவு சின்னதாகிவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். சிப்பந்திகள் சிரித்தார்கள். நாங்கள் ஓடிப்போய் விமானத்தின் படியேறும்போது, அந்தக் கதை எங்களுக்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. கோட்டுக்காரர் என்னைப் பார்த்து, "உங்க அம்மாவுக்கு இப்போ பரவாயில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட தோரணையிலேயே தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விமானத்தில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும், வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் ஒரு தட்டில் கொண்டுவந்தார்கள். ஒன்று எடுத்தால் போதும் என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள் இரண்டு கையாலும் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள், அக்காவுக்காம். "இதுதான் சாமி நல்ல வண்டி" என்றாள். "எல்லாரும் ஒரே எடத்துக்குப் போறாங்க. ஒருத்தன் ஒருத்தனக் கேக்க வேண்டியதில்ல." கோட்டுக்காரர் முன் வரிசையில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

கொழும்பில் விமானம் மாற வேண்டும். ஒரு மணி நேரத்தில் அடுத்த விமானம் என்றார்கள். பிறகு ஏதோ கோளாறு, சரி செய்கிறார்கள் என்றார்கள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. மின்விசிறி ஓடாத மூலையில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. எதிர்ச் சுவரில் கழிப்பறைக் கதவுகள் இரண்டு இருந்தன. எது ஆண்களுக்கு எது பெண்களுக்கு என்று படித்துச் சொல்ல அம்மாவுக்கு நான் வேண்டும். ஆனால் என்னிடம் கேட்க அவளுக்குக் கூச்சம். அதனால் காலையிலிருந்து, சகுனத்துக்குக் குடித்த இரண்டு வாய் தவிர, அவள் தண்ணீரே குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மகனாக அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கதவுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தால், எங்கள் பெஞ்சில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவை, தங்க விளிம்புக் கண்ணாடி. அம்மாவுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். நான் முந்திக்கொள்ள வாயைத் திறந்தேன். அவர் என்னைவிட வேகம்.

"எங்க அம்மா போறியள்?"

இந்த முறை அம்மா நிஜமாகவே தவித்துப் போனாள். உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் என்ன செய்வது? அதற்கு எங்கள் மலையில் முறையே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்தாள். நாங்கள் வந்து இறங்கிய விமானம் வெயிலில் நின்றது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அங்கே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று நடந்தாள். காவலர் கதவை மறித்தார். அம்மா அவர் கைக்குக் கீழே குனிந்து போகப் பார்த்தாள். கோட்டுக்காரர், அவர் மனைவி, விமானப் பணிப்பெண்கள், யாழ்ப்பாணத்து அம்மாள், எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குள் ஏதோ பொங்கியது.

"உனக்கு அறிவே இல்லையா?" என்று கத்தினேன். "மானம் போகுது. இங்க ஒரு பத்துப் பேர் நம்மளப் பாத்துச் சிரிக்கறாங்க, உனக்கு உறைக்கவே இல்லையா?"

அம்மா கோபப்படவில்லை. கதவோரமாகவே தரையில் உட்கார்ந்து, போசி மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

"சிரிக்கட்டும் கண்ணு" என்றாள். "அன்னைக்கு அந்தக் காட்டு வழியில சிரிக்கக்கூட ஒருத்தர் இல்ல. நின்னு உக்காந்துட்டு வந்திருக்கலாம். நாந்தான் உக்காரல."

அக்காவின் முதல் குழந்தை விஷயத்தில் அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாழ்ப்பாணத்து அம்மாள் எழுந்து வந்து, "என்ன பிள்ளை, நான் ஏதும் பிழையாக் கேட்டிட்டனோ?" என்றார். இல்லை என்று மழுப்பினேன். பிற்பகலில் ஒருவழியாக அடுத்த விமானம் கிளம்பியது. வழியில் தந்த சாப்பாட்டில் கறி இருக்குமோ என்று அம்மா தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

சிங்கப்பூரில் இறங்கியபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு வழுவழுப்பான தரை. பாஸ்போர்ட் பார்க்கும் மேஜைகளுக்கு அப்பால் ஒரு நீளமான கண்ணாடிச் சுவர். அதன் மறுபக்கம் வரவேற்க வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். யார் தடுத்தாலும் வந்து நிற்பேன் என்று அக்கா எழுதியிருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அவளைத் தேடினேன். மாமாவைத்தான் கண்டேன். தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார், பாதியிலேயே இறக்கினார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

அம்மா எனக்குப் பின்னால் இருந்தாள். அவள் இன்னும் பார்க்கவில்லை.

மேஜையில் ஒரு சீன அதிகாரி. சின்ன வயசு. எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே, எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமா வீட்டு முகவரி எனக்குத் தலைகீழாகத் தெரியும். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது. ஆனால் எங்கே போகிறோம்? வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா, அதற்கும் அப்பால் வேறு எங்காவதா? அந்தக் கேள்வி அன்று என் காதில் மட்டும்தான் விழுந்தது. அம்மாவுக்கு அது வெறும் சத்தம். நான் பாஸ்போர்ட்டுகளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டடி பின்னால் போனேன். அங்கே பெஞ்சோ நாற்காலியோ ஏதும் இல்லை. அந்தப் பளபளக்கிற தரையில், அத்தனை பேர் நடுவில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். பக்கத்து வரிசையில் கோட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மா பதறிப்போய்க் குனிந்தாள்.

"என்ன சாமி, மயக்கமா?"

"தண்ணி குடு" என்றேன்.

அம்மா போசி மூடியில் கைவைத்தவள் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள், மேஜைக்காரரைப் பார்த்தாள்.

"கேட்டுட்டானா?"

தலையாட்டினேன். "மாமா தனியா நிக்கறாரு" என்றேன்.

அவள் நிமிர்ந்து கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அவளும் என் பக்கத்தில் உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ குனிந்து என் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்தாள். நேராக மேஜைக்குப் போய் அவற்றை வைத்து, கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டி, காலையிலிருந்து தன் வாயால் சொல்லாத அந்த வார்த்தையை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எம் புள்ளகிட்டப் போறேனுங்க."

அந்த அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, முத்திரையைக் குத்தினார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எந்திரி கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க. ரெண்டு பேரும் உக்காந்துட்டா அவகிட்ட யாரு போறது?"

எழுந்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. ஒரு பகல் முழுக்க அவளால் எனக்கு வெட்கம் என்று நொந்துகொண்டவன் நான். அவள் உட்கார்ந்ததெல்லாம் மறுபடி எழுந்து போவதற்கு. நான் உட்கார்ந்தது, அக்கா இனி இல்லை என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டுத்தான்.

கதவைத் தாண்டியதும் மாமா ஓடி வந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"அத்தே, பொம்பளப் புள்ளைங்க. நேத்துக் காலைலயே பொறந்திருச்சு. தந்தி குடுத்தேன், நீங்க அதுக்குள்ள கெளம்பிட்டீங்களாட்டிருக்குது. மாசம் முந்திப் பொறந்ததுல எட கம்மி. ஆனாப் பாலு குடிக்குது, பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அவளும் நல்லாருக்கறா."

நேற்றுக் காலை நாங்கள் சேலத்தில் ரயிலுக்குக் காத்திருந்தோம். மெட்ராஸும் கொழும்பும் வருவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோட்டுக்காரரும் மனைவியும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் மனைவி மட்டும் நின்று, அழுகிற அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா மெலிந்து போயிருந்தாள். பக்கத்துத் தொட்டிலில் துணிக்குள் ஒரு கைப்பிடி அளவு முகம். அம்மா குழந்தையைத் தொடுவதற்குள் அக்கா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வார வழியில யாராச்சும் எங்கன்னு கேட்டாங்களா? அந்த நெனப்பாவே படுத்துக் கெடந்தேன். இதாவது எனக்குத் தங்கோணும்மா."

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஒருத்தரும் கேக்கல கண்ணு. உந் தம்பி ஒருத்தரையும் கேக்க உடல."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அம்மா என்னைப் பார்க்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் குழந்தையைப் பார்க்கிறவன்போலத் தொட்டிலுக்குள் குனிந்துகொண்டேன்.